அட்வான்ஸ் வாங்கிய மாஸ்டர் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஏழு வருடமாக டிபன் ஓட்டல் நடத்துகிறேன். என்னிடம் 11 பேர் வேலை பார்க்கிறார்கள். 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிய தோசை மாஸ்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வரவே இல்லை. இப்படி நடப்பது மூன்றாவது தடவை. இனி ஆதார் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வியாபாரம் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு தங்குவதில்லை.

பதில்: ஆதாரைத் தொடாதீர்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைப்பது, 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கார்டு உங்கள் கல்லாவில் கிடந்தாலும் அவர் போனிலேயே ஆதாரை இறக்கிக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

ஆள் நிற்கட்டும் என்றுதான் அட்வான்ஸ் கொடுக்கிறோம். ஆனால் அந்த அட்வான்ஸ்தான் அவரை விரட்டுகிறது. 22,000 சம்பளத்தில் மாதம் 5,000 பிடித்தால் அவர் கைக்கு வருவது 17,000. ஊருக்கு அனுப்பப் போதாது, மறுபடி உங்களிடமே கேட்பார். அதற்குள் மாரத்தஹள்ளியில் ஒருவர் 80,000 தருகிறேன் என்பார். பழைய கடனைத் தலைமுழுக ஒரே வழி கடை மாறுவது. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

அட்வான்ஸ் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நான்கு தவணையில் முடியட்டும். பழையது தீராமல் புதியது கிடையாது, அது உங்கள் மைத்துனனாக இருந்தாலும் சரி. மிச்சப்படும் பணத்தில் பண்டிகைக்கு உங்கள் கையிலிருந்து தனியாக ஒரு தொகை கொடுங்கள்: கிளம்பும்போது பாதி, திரும்பி வந்து ஒரு மாதம் வேலை செய்த பிறகு மீதி. சம்பளத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு மாஸ்டர் போனதும் கடையே ஆடுகிறது என்றால், மாவின் பக்குவம் அவர் கையில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அரிசி, உளுந்து, வெந்தய அளவை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். கூட்டம் குறைவான நாளில் ஹெல்பரைக் கல்லில் நிற்க விடுங்கள். நன்றாக ஊற்றினால் சம்பளத்தை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அவரும் கற்றுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

11 பேர் என்கிறீர்கள். 10 பேரைத் தொட்டாலே இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, வந்துவிடும். ரிஜிஸ்டரில் ஒன்பது பெயர் மட்டும் எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. 16,000 சம்பளக்காரருக்கு நீங்கள் கட்டுவது மாதம் 520 ரூபாய்தான். கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால் பக்கத்திலேயே இந்திராநகர் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது; பெயர் இல்லாதவருக்குச் செலவு உங்கள் தலையில். வாரம் ஒரு நாள் லீவும் கட்டாயம்.

காசு தங்காததற்குக் காரணம் பெரும்பாலும் கல்லாவில்தான் இருக்கும். பால்காரருக்கும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஒரே டிராயரிலிருந்து எடுத்தால் லாபம் எது என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்து மாதம் ஒருமுறை மட்டும் எடுங்கள். க்யூஆர் வீட்டம்மா பெயரில் இருந்தால் மாற்றிவிடுங்கள். 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்தே கர்நாடக வணிகவரித் துறை சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். ஓட்டலுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 11 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கடை அதை எப்போதோ தாண்டியிருக்கும்.

அந்த மாஸ்டர் திரும்பி வந்தால் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கைப்பக்குவம் நல்லதென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கியை நோட்டில் எழுதி மாதம் 2,000 பிடியுங்கள். புது அட்வான்ஸ் கேட்டால் மட்டும், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.