பிரிட்டனில் செல்லப்பிராணி வைத்தியச் செலவு ஏன் இவ்வளவு எகிறுகிறது? சட்டத்தைத் திருத்தினால் குறையுமா?

கேட்டவர் வீட்டில் ஒரு பூனையோ நாயோ சுகமில்லாமல் படுத்திருக்கிறது, கையில் ஒரு பில்லும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சும்மா இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டர்களைத் திட்ட நான் வரவில்லை. "அத்தனை வருஷம் படித்தவருக்குச் சம்பளம் வேண்டாமா" என்று கமெண்டில் சண்டைக்கு வரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் அக்கா மகளே இங்கே கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். ஸ்கேனும் ஆபரேஷனும் மலிவாக வராது என்று எனக்கும் தெரியும். மனுஷருக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இருப்பதால் அந்த விலை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு 20 சதவீதம் வாட் வரி வேறு. கட்டும் பில்லில் ஆறில் ஒரு பங்கு அரசாங்கத்துக்குப் போகிறது.

என் கோபம் வேறு இடத்தில். எங்கள் பூனைக்குத் தைராய்டு, ஆயுசு முழுக்க மாத்திரை. நாங்கள் போகும் கிளினிக் வாசலில் பழைய டாக்டரின் பெயர்ப்பலகைதான் தொங்கியது. அவர் எப்போதோ விற்றுவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டார் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கார்டு ரசீதைப் பார்த்தால் ஏதோ கம்பெனி பெயர். சரி, இன்னொரு டாக்டரிடம் காட்டுவோம் என்று ஊரின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேயும் வேறு பலகை, ரசீதில் அதே கம்பெனி! ராத்திரி அவசரத்துக்கு அனுப்பும் ஆஸ்பத்திரியும் அவர்களுடையதுதானாம். கடை மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதே கல்லாவில்தான் காசு போட்டிருக்கிறோம்.

எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. 2013-இல் பெரிய குழுமங்களின் கையில் இருந்தவை சுமார் 10 சதவீதக் கிளினிக்குகள். இப்போது ஏறக்குறைய 60 சதவீதம். போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் (சி.எம்.ஏ.) 2023 செப்டம்பரில் கருத்துக் கேட்டபோது 56,000 பேர் எழுதிக் குவித்தார்கள். அடுத்த மே மாதமே முறையான விசாரணை தொடங்கியது. 2016-க்கும் 2023-க்கும் நடுவே கட்டணம் சராசரியாக 63 சதவீதம் ஏறியது என்று 2025 அக்டோபரில் வந்த இடைக்கால முடிவில் சொன்னார்கள். விலைப்பட்டியல் வெளியிட வேண்டும், முதலாளி யார் என்று தெரிவிக்க வேண்டும், 500 பவுண்டுக்கு மேல் போகும் சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்த யோசனைகள்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்றால், இங்கே உள்ள கால்நடை மருத்துவர் சட்டம் 1966-ஆம் வருஷத்தது. அன்றைக்கு டாக்டரே முதலாளி. அதனால் கால்நடை மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஆர்.சி.வி.எஸ். என்ற ராயல் கல்லூரிக்குத் தனி ஆளான டாக்டரையும் நர்ஸையும் விசாரிக்க அதிகாரம் உண்டு. கிளினிக்கை நடத்தும் கம்பெனியைத் தொட முடியாது. கிளினிக்குகளுக்கு அந்தக் கல்லூரி நடத்தும் தரச்சான்றுத் திட்டமும் விருப்பப்பட்டவர் சேரலாம் என்ற வகைதான். கட்டணத் தகராறு அவர்கள் வேலையே இல்லை. சமரசம் பேசி வைக்க இலவசமாக ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் கிளினிக் 'மாட்டேன்' என்றால் கதை முடிந்தது. விலையை முடிவு செய்வது ஒருவர், வாங்கிக் கட்டிக்கொள்வது கவுண்டரில் நிற்கும் பொண்ணு.

அக்கா மகள் கதை இன்னும் மோசம். படித்து, பரீட்சை எழுதி, பதிவு செய்து வேலை பார்க்கிறாள். ஆனால் 'கால்நடை நர்ஸ்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. நாளைக்கு நானே அப்படிப் போட்டுக்கொண்டாலும் கேட்க ஆளில்லை. சட்டத்தைத் திருத்துவதாக இருந்தால் இதையும் சேர்த்துத் திருத்தட்டும்.

திருத்தினால் பில் குறையுமா? உடனே குறையும் என்று நான் நம்பவில்லை. கிளினிக்குக்கு லைசென்ஸ் என்று வந்தால் அந்தச் செலவையும் நம் தலையில்தான் கட்டுவார்கள். ஆனால் யாரிடம் கேள்வி கேட்பது என்றாவது தெரியும்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். பூனைக்குச் செலவு செய்தோம் என்று தெரிந்ததும் சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெரியப்பா, "இந்தக் காசில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே" என்றார். அவர் பையன் வருஷா வருஷம் போன் மாற்றும்போது அந்த நாலு பிள்ளைகள் அவர் ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

நீங்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொடர்ந்து கொடுக்கும் மருந்து என்றால் மருந்துச் சீட்டாக எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். அதையும் சேர்த்தே, ஆன்லைனில் நாங்கள் வாங்கும் மாத்திரை கிளினிக் விலையில் பாதிக்கும் கீழே வருகிறது. வாங்கும் கடை அரசிடம் பதிவு செய்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் கிளினிக்கை வைத்திருக்கும் கம்பெனியின் கடையாகவே இருக்கலாம்.