அக்காகிட்ட கேளுங்க: மைக் யார் கையில?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல மழை, வெயில், புயல், அதுக்கு ஊர்க்காரங்க என்ன பண்ணலாம்னுதான். அதனால சமையல், மாமியார் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்களுக்கு வேதாரண்யம் பக்கம். மகளிர் குழுவுல செயலாளரா இருக்கேன். போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து வந்து ரெண்டு நாள் பருவநிலை பயிற்சி குடுத்தாங்க. புரொஜெக்டர்ல பனிக்கரடி காட்டுனாங்க, ஆளுக்கு ஒரு தொப்பி, சர்டிபிகேட், மத்தியானம் பிரியாணி. அதோட சரி. இப்ப நாங்களே இருபது பேரைத் தயார் பண்ணலாம்னு பாக்குறோம். எங்க இருந்து ஆரம்பிக்கிறது? (பெயர் வேண்டாம்)

பிரியாணியாவது நல்லா இருந்துச்சா தங்கச்சி? கிண்டல் பண்ணலம்மா, நானே அந்தப் புரொஜெக்டர் பக்கத்துல நின்ன ஆளுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு குப்பத்துல கார்பன், ஓசோன்னு அரை மணி நேரம் விளாசிட்டு இருந்தேன். கடைசில கருவாடு விக்கிற ஒரு ஆயா எந்திரிச்சு "எல்லாம் சரிம்மா, நாங்க கருவாடு காயப்போடுற எடத்துல இப்பல்லாம் கடல் ஓதம் ஏறி தண்ணி நிக்குது, அத யார்கிட்ட போய் சொல்றது"ன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் தெரியல. சார்ட்டை சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஆயா கேட்ட கேள்வியிலதான் நான் ஆரம்பிக்கிறது.

நல்லவாடு கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. புதுச்சேரி பக்கம் மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல இருந்து அந்தப் பக்கத்து ஊருங்கள்ல அறிவு மையம்னு ஒண்ணு வச்சாங்க, ஒரு ரூம், கம்ப்யூட்டர், கடலோர ஊரா இருந்தா ஒலிபெருக்கியும் இருக்கும். அதுல தினமும் அலை எவ்ளோ உயரம்னு சொல்லுவாங்க. பெருசா ஒண்ணுமில்ல, ரேடியோ மாதிரி. 2004 டிசம்பர் 26 காலைல சிங்கப்பூர்ல வேலை பாத்த அந்த ஊர்ப் பையன் டிவில சுனாமி செய்தியைப் பாத்துட்டு வீட்டுக்கு போன் போடுறாரு. இங்க இருந்தவங்க மையத்துக்கு ஓடி கதவை உடைச்சு மைக்கைப் போட்டு எல்லாரும் ஓடுங்கன்னு கத்துனாங்க. வீடு, படகெல்லாம் போச்சு, ஆனா 3,600 பேருக்கு மேல இருந்த ஊர்ல ஒரு உயிர் போகல.

அன்னைக்கு எந்த ஆபீஸ்ல இருந்தும் அவங்களுக்கு உத்தரவு வரல. மைக் ஊருக்குள்ளயே இருந்துச்சு, அதைப் போடத் தெரிஞ்ச ஆளு இருந்துச்சு, தினமும் கேட்டுப் பழகுன சத்தங்கிறதால ஜனங்களும் நம்பி ஓடுச்சு. நீங்க குடுக்கப் போற பயிற்சியில இந்த மூணுல எதாவது ஒண்ணு உண்டாகுதான்னு மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் தொப்பி கணக்குதான்.

ஆள் எடுக்கிறதுலதான் பாதி வெற்றி இருக்கு. மேடையில நல்லா பேசுறவங்களா பாத்து எடுக்காதீங்க, அவங்க அடுத்த மீட்டிங்குக்குப் போயிருவாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்களோ அவங்களை எடுங்க. ரேஷன் கடை கியூவுல பேச்சு குடுக்குற அக்கா, வலை பின்ற பெரியவர் ஒருத்தர், போன் நல்லா நோண்டத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர். அப்புறம் இதை அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க, ஊர்லயே பள்ளமான எடத்துல யார் வீடு இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் காலனியாத்தான் இருக்கும். அங்க இருந்து நாலு பேராவது இல்லாம குழு போட்டீங்கன்னா நாளைக்கு நீங்க வெட்டுற வடிகால் நேரா அவங்க வீட்டுக்குள்ளதான் போய் விடும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

முதல் நாள் ஹால் எடுக்காதீங்க, கோயில் வாசல்லயோ பள்ளிக்கூடத்து மைதானத்துலயோ கோலப்பொடியால ஊர் வரைபடம் போடச் சொல்லுங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா அடிச்சப்போ தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு, எந்தத் தென்னந்தோப்பு சாஞ்சுச்சு, எந்த அடிபம்பு அதுக்கப்புறம் உப்பாப் போச்சு, எந்த வீட்ல படுத்த படுக்கையா இருந்த ஆளைத் தூக்க முடியாம தவிச்சாங்க, எல்லாம் அவங்களே வந்து புள்ளி வைப்பாங்க. முதல்ல ஒருத்தரும் பேச மாட்டாங்க, அப்புறம் எந்த மதகு அடைச்சிருந்துச்சுன்னு சண்டை வரும், அந்தச் சண்டையைக் கலைக்காதீங்க, பாடம் அங்கதான் நடக்குது. அழிக்கிறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

ரெண்டாவது வேலை நோட்டு. ஆளுக்கு ஒரு வேலை, ஒரு நோட்டு. ஒருத்தர் மழை அளவு எழுதுவார், ஒருத்தர் மாசத்துக்கு ஒருக்கா நாலு கிணத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாத்து உப்பு கூடியிருக்கா கொறைஞ்சிருக்கான்னு எழுதணும், ஒருத்தருக்கு வாய்க்கால் மதகு, இன்னொருத்தர்கிட்ட புயல் வந்தா தூக்கிட்டுப் போக வேண்டியவங்க லிஸ்ட்டு. மாசாமாசம் குழுக் கூட்டத்துல கடன் தவணை வசூல் முடிஞ்சதும் பத்து நிமிஷம் அந்த நோட்டை வாசிங்க, அவ்ளோதான். ரெண்டு நாள்ல முடியிற வேலையா இது, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசா பாத்தாத்தான் ஆளு தயாராவாங்க. பஸ் காசுக்கும் டீக்கும் குழுக் காசுல தீர்மானம் போட்டு ஒதுக்கிருங்க, சேவைங்கிற பேர்ல பொம்பளைங்க உழைப்பை ஓசியில வாங்குறது போதும்.

கேள்வி: கடலூர்ல காலேஜ் படிக்கிறேன் அக்கா. நாங்க பிரெண்ட்ஸ் சேர்ந்து கழிமுகத்துல ஆயிரம் அலையாத்திக் கன்னு நட்டோம். ஆறே மாசத்துல முக்கால்வாசி செத்துப் போச்சு. ஊர்க்காரங்க சிரிக்கிறாங்க. என்ன தப்பு பண்ணோம்?

தம்பி, நடுறதுக்கு முன்னாடி அங்க ஏன் மரம் இல்லன்னு யாரையாவது கேட்டீங்களா? உங்களுக்குப் பக்கத்துலதான பிச்சாவரம் அலையாத்திக் காடு, அந்தக் கதையைக் கேட்டுக்குங்க. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அந்தக் காட்டைப் பகுதி பகுதியா மொட்டையடிச்சு வெட்டுற முறை இருந்துச்சு. ரொம்ப நாளா எல்லாரும் என்ன சொல்லிட்டு இருந்தாங்கன்னா, காடு அழிஞ்சதுக்கு மாடு மேய்க்கிறவங்களும் விறகு வெட்டுற ஏழைங்களும்தான் காரணம்னு. 1990கள்ல சுவாமிநாதன் நிறுவனத்து ஆளுங்க போய் மண்ணைப் பாத்தப்போ விஷயம் வேற மாதிரி இருந்துச்சு. மொட்டையடிச்ச எடத்துல வெயில் நேரா சேத்துல விழுந்து, மண்ணு காஞ்சு உள்வாங்கி தட்டு மாதிரி பள்ளமாயிருச்சு. ஓதத்துல உள்ள வர்ற தண்ணி திரும்பி வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னு சுண்டி, உப்பு ஏறி ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத எடமாப் போச்சு.

அப்புறம் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து முதல்ல வாய்க்கால் வெட்டுனாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால், மேல இருந்து பாத்தா மீன் முள்ளு மாதிரியே இருக்கும். ஓதம் உள்ள வந்து திரும்பிப் போக ஆரம்பிச்சதும் உப்பு கழுவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் வாய்க்கால் கரைச் சரிவுல வெண்கண்டல், சுரபுன்னைன்னு அலையாத்தி மரங்களை நட்டாங்க. தண்ணி எந்தப் பக்கம் ஏறும், எங்க நிக்கும்னு அங்க கையால இறால், நண்டு புடிச்சுப் பொழைக்கிற இருளர் சனங்களுக்கு அத்துபடி. வாய்க்கால்ல சேறு சேர்ந்தா அடுத்த வருஷம் தூர் எடுக்கணும், அந்த வேலையை ஊர்க் குழு பாத்துக்கிச்சு. வெளியூர்ல இருந்து வந்து நட்டுட்டு செல்பி எடுத்துட்டுப் போற கூட்டத்தால அது முடியுமா?

சுனாமியப்போ காட்டுக்குப் பின்னாடி இருந்த குடியிருப்புல சேதம் கம்மிதான். ஆனா காடு மட்டுமே காப்பாத்துச்சுன்னு மேடையில அடிச்சு விடாதீங்க, ஊரு கடல்ல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கு, எவ்ளோ மேடுங்கிறதும் கணக்குல வரும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அடுத்த தடவை கன்னு வாங்குறதுக்கு முன்னாடி, அமாவாசை ஓதத்தன்னைக்கு அந்தச் சிரிச்சவங்கள்ல ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போய் தண்ணி எப்டி வருதுன்னு பாருங்க. சிரிக்கிறாங்கன்னா அவங்களுக்கு ஏதோ தெரியுதுன்னுதான அர்த்தம்.

கேள்வி: வேலூர்ல இருக்கோம். புயலும் இல்ல கடலும் இல்ல, வெயில்தான். இதுக்கெல்லாம் ஒரு பயிற்சியா?

வெயிலுக்குத்தான் மொதல்ல வேணும். அகமதாபாத்ல 2010 மே மாசம் வெயில் 46 டிகிரியைத் தாண்டிப் போச்சு, வழக்கமா சாகுறதை விட அந்த ஒரு மாசத்துல 1,344 பேர் அதிகமா செத்திருக்காங்க. அதுக்கப்புறம் 2013ல அந்த ஊர் வெயிலுக்குன்னே திட்டம் போட்டுச்சு. குடிசைப் பகுதிப் பொம்பளைங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு தகரக் கூரையில வெள்ளை அடிக்கிறதை வீடு வீடா சொல்லிக் குடுக்கிறாங்க. உங்க தெருவுல தகர ஷீட்டு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு எத்தனை, தனியா இருக்க வயசானவங்க எத்தனை, கட்டட வேலைக்கும் செங்கச் சூளைக்கும் போறவங்க எத்தனைன்னு ஒரு லிஸ்ட்டு எடுங்க. ஏப்ரல் பொறந்ததும் மத்தியானம் ஒருக்கா அந்த வீட்டுக் கதவைத் தட்டணும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணி, ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இதை எல்லாருக்கும் மனப்பாடம் பண்ண வைங்க, உப்பைக் கண்ணளவுல போடக் கூடாது. வேர்வை நின்னு போய் உளற ஆரம்பிச்சா வாயில எதையும் ஊத்தாம ஈரத்துணி போட்டு 108க்கு அடிக்கணும். தமிழ்நாட்டுல 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்காங்க, வெயில்ல இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னு இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அதிகாரம் எல்லாம் மேலே இருக்கிறது. ஊர்க்காரர்கள் என்ன செய்துவிட முடியும்?

கிராம சபை இருக்கே சார். வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம ஆளுங்க கேசரி வாங்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறோம், அதான் கோளாறு. உங்க பிள்ளைங்களுக்கு மனு எழுதக் கத்துக் குடுத்த மாதிரி இவங்களுக்குத் தீர்மானம் எழுதக் கத்துக் குடுங்க. "ஏரியைத் தூர்வார வேண்டும்"னு எழுதுனா அது குப்பைக்குத்தான் போகும், எந்த மதகு, எத்தனை அடி அடைப்பு, எந்த வருஷம் எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு நோட்டுல இருக்கறதை அப்டியே தீர்மானத்துல ஏத்துங்க. வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு தீர்மான எண்ணைக் குறிச்சிக்குங்க. இப்ப ஒவ்வொரு மாவட்டத்துலயும் பருவநிலை மாற்ற இயக்கம்னு கலெக்டர் தலைமையில இருக்கு, நகலை அங்க ஒண்ணு தட்டி விடுங்க.

மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை பஞ்சாயத்தைப் பாருங்க. கரண்ட் பில் ஏறிக்கிட்டே போகுதுன்னு கணக்குப் பாத்து, 2006ல பஞ்சாயத்துக் காசோட பேங்க் லோனும் போட்டு 1 கோடியே 55 லட்சத்துல கரண்ட் எடுக்கிற 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணை வாங்கிப் போட்டாங்க. ஊர்த் தேவைக்குப் போக மிச்ச கரண்டை போர்டுக்கே வித்தாங்க. தலைவர் கெட்டிக்காரர்தான், ஆனா தீர்மானம் அதே மாதிரி ஒரு மினிட் புக்குலதான எழுதியிருப்பாங்க.

கேள்வி: பணக்கார நாட்டுக்காரன் புகை விடுவான், நாங்க மட்டும் நோட்டுல எழுதிட்டு உக்காந்திருக்கணுமா?

உங்க கோவம் நியாயம்தான், நானும் அதே கட்சி. ஆனா புயல் யார் விட்ட புகைன்னு விசாரிச்சுட்டா வருது. வங்கதேசத்துல 1970 புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்தாங்க. 1972ல தன்னார்வலர் படை ஆரம்பிச்சாங்க, மெகாபோன், கைச் சைரன், ஆபத்து ஏற ஏற ஒண்ணு ரெண்டு மூணுன்னு கொடி ஏத்துறது. 1991ல மறுபடியும் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் போனாங்க, அதுல பொம்பளைங்க ரொம்ப அதிகம், பல பேர் வீட்டை விட்டு வெளிய வரவே இல்ல. இப்ப 70 ஆயிரம் பேருக்கு மேல இருக்க அந்தப் படையில பாதி பொம்பளைங்க, கதவைத் தட்டி உள்ள இருக்கவங்களை அவங்களே கூட்டிட்டு வர்றாங்க. 2020ல அம்பன் புயல் வந்தப்போ அங்க சாவு சில டஜனோட நின்னுச்சு. புகை விட்டவன்கிட்ட நஷ்ட ஈடும் கேப்போம், யார் விட வேணாம்னா.

கேள்வி: எங்க ஸ்கூல் பிள்ளைங்க மழைமானி செய்யணும்னு கேக்குறாங்க. கடையில வாங்கணுமா?

வேணாம். நேரா இருக்க ரெண்டு லிட்டர் பாட்டில் எடுத்து, தலைப்பகுதியை வெட்டி கவுத்து புனல் மாதிரி உள்ள சொருகுங்க. அடி நெளிவா இருக்கும், அதனால கொஞ்சம் கூழாங்கல்லு போட்டு நேரான எடம் ஆரம்பிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க பூஜ்யம் போடுங்க. ஸ்கேல் ஒட்டுனா ஆச்சு. மரம், சுவர் பக்கத்துல வைக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அப்ப ஆயிரம் சதுர அடி மாடியில அஞ்சு சென்டிமீட்டர் பெஞ்சா ஏறக்குறைய 4,600 லிட்டர். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அதே மாடிக்கு அது எத்தனை லிட்டர்னு பிள்ளைங்களையே போடச் சொல்லுங்க. வானிலை ஆபீஸ் கணக்கு காலைல எட்டரைக்கு எட்டரை, நீங்களும் பிரேயர் முன்னாடி அதே நேரத்துல பாருங்க. லீவு நாள்ல யார் பாக்குறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, தீபாவளி லீவுலதான் எப்பவும் பெரிய மழையா வரும்.