பலகையில் 100, கையில் வாங்கியது 250: பேரூராட்சி வாகன நிறுத்தத்தில் யாரைக் கேட்பது?

கேள்வி: மண்டல பூஜைக்கு 22 பேர் வேனில் கிளம்பினோம். வழியில் அருவி உள்ள ஒரு ஊரில், பேரூராட்சி வாகன நிறுத்தத்தில் இரவு தங்கி, சமைத்துச் சாப்பிட்டோம். கட்டணப் பலகையில் வேனுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. எங்களிடம் 250 வாங்கினார்கள். இரவு 11 மணிக்கு நுழைந்து காலை 6 மணிக்குக் கிளம்பியதற்கு, 'ரெண்டு நாள் கணக்கு சாமி' என்றார்கள். மீதி 50 அடுப்பு வைத்ததற்காம். கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேட்டால், 'அது எங்க பொறுப்பு இல்லை.' யாரிடம் புகார் செய்வது?

பதில்: உங்களிடம் பணம் வாங்கியவர் பேரூராட்சி ஊழியராக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள்தான் அங்கே நிற்பார். கட்டணம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பேரூராட்சி மன்றத்தின் தீர்மானம். குத்தகைதாரர் ஏலத்தில் எடுப்பது அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமையை மட்டும். தீர்மானத்தில் இல்லாத ஒரு ரூபாயைக் கூட அவர் சேர்க்க முடியாது. அடுப்புக்கு 50 என்று தீர்மானத்தில் இருந்தால் அது பலகையிலும் இருந்திருக்க வேண்டும். பலகையில் இல்லையே, அதனால் அந்த 50 போன இடம் உங்களுக்கே தெரியும்.

அந்த 'ரெண்டு நாள் கணக்கு' கொஞ்சம் சிக்கலானது. 'நாள் ஒன்றுக்கு' என்பதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பது ஒன்று. நள்ளிரவு 12 மணியோடு ஒரு நாள் முடிகிறது என்பது இன்னொன்று. எது சரி என்பது ஏல நிபந்தனைகளில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. '24 மணி நேரத்துக்கு' என்று அங்கே இருந்தால், உங்கள் 7 மணி நேரத்துக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கியது தவறு. தேதிக் கணக்கு என்று தெளிவாக எழுதியிருந்தால், மனசுக்கு ஒப்பாவிட்டாலும் 200 சரியே. எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்? அப்போது வாதாட உங்களுக்கு இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் நுழைந்தது 11 மணிக்கு என்பதற்கு ரசீதில் சாட்சி வேண்டும். பல ரசீதுகளில் தேதி மட்டும் போடுவார்கள், நேரம் போடமாட்டார்கள். நுழையும்போதே நேரத்தை எழுதச் சொல்லி வாங்குங்கள். மறுத்தால் ரசீதைக் கையில் பிடித்து அங்கேயே ஒரு படம் எடுங்கள். போனில் நேரம் பதிவாகிவிடும்.

ரசீதைப் பற்றி இன்னொன்று. முறையான ரசீதில் பேரூராட்சியின் பெயர், வரிசை எண், அச்சிட்ட தொகை, அலுவலக முத்திரை நான்கும் இருக்கும். அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கும். சில இடங்களில் இரண்டு புத்தகம் ஓடுகிறது. முத்திரை போட்டது அதிகாரி வந்தால் காட்ட. ஸ்டேஷனரி கடையில் வாங்கிய வெற்று பில் புத்தகம் உங்களுக்குக் கிழித்துத் தர. தொகையைப் பேனாவால் எழுதித் தந்தால் சந்தேகப்படுங்கள். கியூஆர் அட்டையை நீட்டினால் தயங்காமல் அதிலேயே செலுத்துங்கள். பணம் யார் பெயருக்குப் போனது என்பது பரிவர்த்தனை எண்ணோடு உங்கள் போனில் கிடக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கழிப்பறை விஷயத்தில் அந்த ஆள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். வாகன நிறுத்தம் ஒருவருக்கு, கட்டணக் கழிப்பிடம் வேறொருவருக்கு என்று தனித்தனியாக ஏலம் போகும். சில ஊரில் கழிப்பிடத்தைப் பேரூராட்சியே வைத்துக்கொள்ளும். குத்தகைப் பணம் பொது நிதியில் சேர்ந்துவிடுவதால், நீங்கள் கொடுத்த கட்டணம் அந்தக் கழிப்பறைக்கே செலவாகும் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேலே இருப்பது 1,000 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளி, 20 லிட்டர் என்றால் 50 பேர் குளித்ததும் காலி. ஒரு பேருந்து போதும். சீசனில் மணிக்கொரு முறை மோட்டார் போட ஆள் வேண்டும். அந்த ஆள் எந்த ஏட்டிலும் இருக்கமாட்டார். உங்கள் குழுவுக்கும் ஒரு வார்த்தை: வடித்த கஞ்சியையும் எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீரையும் குளியலறை ஓட்டையில் ஊற்றினால் கொழுப்பு உறைந்து குழாய் அடைக்கும். பிறகு வருகிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

இடம் கோயிலுடையதாகவோ வனத்துறையுடையதாகவோ இருந்தால் கதை வேறு. இங்கே பேச இடமில்லை.

தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'வண்டி நிறுத்த, சமைக்க, குளிக்க, எல்லாம் சேர்த்து 800' என்று வாசலில் வந்து பேசுகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது பேரூராட்சிக்குக் கொடுத்த கட்டணம் ஆகாது. அதற்குப் புகாரும் எடுபடாது. இப்படி அழைத்துப்போகும் ஓட்டுநருக்குப் பல இடங்களில் அதில் பங்கு உண்டு. 'ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) நான் போட்டுத் தருகிறேன், 1,500 கொடுங்கள்' என்பவரையும் ஒதுக்குங்கள். பத்து வருடக் கணக்கைக் கேட்டு எழுதித் தருவார்கள். அலுவலகம் 'திரட்ட இயலாது' என்று ஒரு வரியில் முடித்துவிடும்.

நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். பொதுத் தகவல் அலுவலர், அந்தப் பேரூராட்சி என்று முகவரி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன்கீழ் என்று தொடங்கி மூன்றே நகல்கள் கேளுங்கள்: நடப்பு ஆண்டு வாகன நிறுத்தக் கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானம், ஏல நிபந்தனைகள், குத்தகைதாரருக்குக் கொடுத்த உரிம உத்தரவு. 'ஏன் தண்ணீர் இல்லை' என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தர வேண்டியதில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கூடவே பேரூராட்சியின் செயல் அலுவலருக்கு ரசீது, பலகைப் படம் இரண்டையும் இணைத்து ஒரு புகார். நகல் மண்டல உதவி இயக்குநருக்கு (பேரூராட்சிகள்). அந்த நகலை விட்டுவிடாதீர்கள். அரசின் குறைதீர் தொலைபேசி எண் 1100-க்கும் சொல்லலாம். ஆனால் அங்கே சொன்ன புகார் சுற்றிச் சுற்றி அதே செயல் அலுவலர் மேசைக்கே வரும், 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மூடப்படும். 1998-ல் போட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமே 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது; ஒரு மோட்டார் சுவிட்சு எம்மாத்திரம்!

அதன் பிறகும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அருவி ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பணம் கொடுத்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். குத்தகைதாரரை மட்டும் சேர்க்காமல் பேரூராட்சியையும் எதிர்தரப்பில் சேருங்கள். குத்தகை மார்ச்சோடு முடிந்து அவர் போய்விடலாம், அலுவலகம் அங்கேயேதான் இருக்கும்.