தன் நாட்டு ஆளையே வெளிநாட்டுல வச்சு ஒரு அரசாங்கம் கொல்லலாமா?

ஒரு அரசாங்கம் தன்னோட சொந்தப் பிரஜையையே வெளிநாட்டுல வச்சுக் கொல்றது சட்டப்படி செல்லுமா, நியாயமான்னு கேட்டிருக்கீங்க. குண்டைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறவனை, வேற வழியே இல்லாத அந்த நிமிஷத்துல சுடுறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேரை ஒரு லிஸ்ட்ல எழுதி, மாசக்கணக்கா தேடி, மேல இருந்து ட்ரோன்ல அடிக்கிறது மரண தண்டனைதான், கோட்டுல விசாரிக்காம அதைக் குடுக்குற உரிமை எந்த அரசாங்கத்துக்கும் இல்ல. நான் சட்டம் படிச்சவன் இல்ல, இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன். ஆனா இந்த விஷயத்தை ரொம்ப வருசமா தேடித் தேடி வாசிக்கிறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

இதுல எல்லாரும் பேசுற கேஸ் அன்வர் அல் அவ்லாகியோடது. 1971ல அமெரிக்காவுல, நியூ மெக்சிகோவுல பொறந்த அமெரிக்கப் பிரஜை, பிறகு யெமனுக்குப் போய் அல் கைதாவோட சேர்ந்துட்டாரு. 2009 கிறிஸ்மஸ் அன்னிக்கு டெட்ராய்ட் போன பிளேனை வெடிக்க வைக்கப் பார்த்த பையனை அனுப்புனதுல இவருக்குப் பங்கு இருக்குன்னு அமெரிக்கா சொல்லுது. அவர் நல்லவர்னு வாதாட நான் வரல. எனக்கு மனசுல நிக்கிறது அவரோட அப்பா. மகன் பேரு கொல்ல வேண்டியவங்க லிஸ்ட்ல இருக்குன்னு பேப்பர்ல வந்ததும் 2010லயே வாஷிங்டன் கோட்டுல கேஸ் போட்டாரு, மகன் உயிரோட இருக்கும்போதே. அந்த டிசம்பர்ல ஜட்ஜ் கேஸைத் தள்ளிட்டாரு. மகனுக்காக அப்பா வழக்குப் போட முடியாது, இது அரசியல் தீர்மானம், கோட்டு இதுக்குள்ள வர முடியாதுன்னு. அதே தீர்ப்புல அந்த ஜட்ஜே ஒண்ணு கேக்குறாரு பாருங்க, வெளிநாட்டுல இருக்குற அமெரிக்கன் ஒருத்தனோட ஃபோனை ஒட்டுக் கேக்குறதுக்கு கோட்டு அனுமதி வேணும்னு இருக்கும்போது, அவனைக் கொல்றதுக்கு மட்டும் கோட்டு எதுவும் கேக்கக் கூடாதுங்கிறது எப்படின்னு. கேட்டுட்டு தள்ளிட்டாரு.

2011 செப்டம்பர் 30ஆம் தேதி யெமன்ல ட்ரோன் அடிச்சு அவ்லாகி செத்தாரு, கூட இருந்த இன்னொரு அமெரிக்கப் பிரஜையும் செத்தாரு. ரெண்டு வாரம் கழிச்சு ஒக்டோபர் 14ஆம் தேதி அவ்லாகியோட 16 வயசு மகன், டென்வர்ல பொறந்த பையன், அப்பாவைத் தேடி வீட்டை விட்டுப் போனவன், அவனும் இன்னொரு ட்ரோன் தாக்குதல்ல செத்துட்டான். அவனைக் குறி வைக்கலன்னு 2013ல அரசாங்கம் கடிதம் எழுதிச்சு, அவ்வளவுதான்.

சட்டப்படி அமெரிக்க அரசாங்கம் சொல்ற நியாயம் என்னன்னா, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம், குடுத்த அதிகாரம், அப்புறம் தற்காப்பு. 2012ல அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ஒரு பேச்சுல, முறையான நடவடிக்கைன்னு அரசியலமைப்பு சொல்றது கோட்டு விசாரணையாதான் இருக்கணும்னு இல்லன்னாரு. அப்ப முறை எங்க நடந்துச்சு? அரசாங்கத்தோட ஒஃபிஸ் ரூமுக்குள்ள, வக்கீல்கள் எழுதுன இரகசிய மெமோவுல. அந்த மெமோ வெளிய வந்ததே 2014லதான், கோட்டு உத்தரவு போட்ட பிறகு. பிரிட்டனும் 2015ல சிரியாவுல கார்டிஃப் பையன் ஒருத்தனை ட்ரோன்ல கொன்னுட்டு, ஐநா சாசனத்தோட 51ஆவது பிரிவு, தற்காப்புன்னு சொல்லிச்சு. அந்த 51 ஒரு நாடு ஆயுதத் தாக்குதலுக்கு எதிரா தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு எழுதுனது, ஒரு தனி ஆளு மேல இருக்குற குற்றச்சாட்டை விசாரிக்காம முடிக்கிறதுக்கு எழுதுனது இல்ல.

இப்ப என் விஷயம். 'சொந்தப் பிரஜை'ங்கிற சொல்லு எங்க ஆளுங்களுக்கு வேற மாதிரி கேக்கும். 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப மலையகத்துல இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கான பேரு ஒரே அடியா நாடற்றவங்க ஆனாங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்கன்னு பிரிச்சாங்க, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்ப்போம்னு வச்சாங்க. எங்க தாத்தா அந்த மிச்சத்துல இருந்தவரு. கொழுந்து நிறுத்த சீட்டு, ரேஷன் புத்தகம், பேரு பதிஞ்ச துண்டு, எல்லாத்தையும் தகரப் பெட்டியில பிளாஸ்டிக் பைக்குள்ள சுத்தி வச்சிருப்பாரு, மழைக்கு லயத்துக் கூரை, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக் கூரை, ஒழுகுனா மொதல்ல அந்தப் பெட்டியைத்தான் நகர்த்துவாரு. அவரை அப்ப யாராவது கொன்னிருந்தா எந்த நாட்டுப் பிரஜையைக் கொன்னதா எழுதியிருப்பாங்க?

அதனாலதான் 'தன் பிரஜையைக் கொல்லலாமா'ன்னு மட்டும் கேக்குறது எனக்குப் போதாது. பிரஜாவுரிமை அரசாங்கம் குடுக்குறது, அது நெனச்சா பறிக்கும். 1976 செப்டம்பர்ல சிலி அரசாங்கம் முன்னாள் அமைச்சர் ஒர்லாண்டோ லெட்டெலியரோட குடியுரிமையைப் பறிச்சதா அறிவிச்சுது, அதே மாசம் 21ஆம் தேதி வாஷிங்டன்ல அவரோட கார்ல குண்டு வச்சுக் கொன்னுட்டாங்க, கூட வந்த அமெரிக்கப் பொண்ணும் செத்துச்சு. பிலால் அல் பெர்ஜாவிங்கிற லண்டன் ஆளோட குடியுரிமையை பிரிட்டன் 2010ல எடுத்துச்சு, 2012ல சோமாலியாவுல அமெரிக்க ட்ரோன்ல செத்தாரு. பிரஜையா இருந்தாதான் விசாரணைன்னா, மொதல்ல பிரஜை இல்லன்னு ஒரு கடிதம் அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது.

அப்புறம் அந்த லிஸ்ட்ல ஒருத்தன் பேரு எப்படி வரும்ங்கிறது. எங்க சித்தப்பா யுத்த நேரம் கொழும்புல ஒரு கடையில வேலை செஞ்சாரு. ஒரு ராத்திரி லொட்ஜ்ல வந்து புடிச்சாங்க, பயங்கரவாதத் தடைச் சட்டம்னாங்க. அவருக்கு வாசிக்கவே தெரியாத சிங்களத்துல எழுதுன வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்தக் கடதாசியை வச்சுப் பார்த்தா அவர் புலி, சந்தேகமே இல்ல, மேல இருந்து பார்க்குற எந்த அதிகாரியும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பான். சித்தி காதுல கெடந்ததை அடகு வச்சு லோயர் புடிச்சு, எட்டு மாசம் கழிச்சு கோட்டுல ஒரு நீதவான்தான், வாக்குமூலத்தைத் தவிர வேற என்ன சாட்சி இருக்குன்னு பொலிஸைக் கேட்டாரு. ஒண்ணும் இல்ல. விட்டுட்டாங்க.

சித்தப்பாவுக்கு இப்ப அறுபது தாண்டிருச்சு. கொழும்புக்குப் போறப்ப எல்லாம் ஐடென்டி காட்டோட அந்த விடுதலைக் கடிதத்தோட போட்டோகொப்பியையும் நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சிக்கிட்டுத்தான் பஸ் ஏறுவாரு.