தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் போன பெண்களே, பாதியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியபோது எப்படிச் சமாளித்தீர்கள்?

பதினோரு நாள், ஏறக்குறைய 900 கிலோமீட்டர், தனியாகப் போனேன். திரும்பிவிடலாம் என்று தோன்றியது நான்காம் நாள் மதியம். அதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால், மனவுறுதி இருந்தால் போதும் என்று அளந்துவிட்டிருப்பேன்.

பின்சக்கரம் பஞ்சர். டியூபை மாற்றி, காற்றடித்து, பைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கால் மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. கையிலிருந்த ஒரே மாற்று டியூபும் போயிற்று. காலையிலிருந்து எதிர்க்காற்று வேறு. சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக.

அழுது ஓய்ந்ததும் பையில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது: டியூபை மாற்றினேனே, டயருக்குள் பார்த்தேனா? உட்புறத்தை விரலால் தடவினால், முடி கனத்தில் ஒரு கம்பித்துண்டு சுருக்கென்று குத்தியது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. நகவெட்டியால் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு டியூபுக்கும் பேட்ச் ஒட்டினேன். (நீங்கள் துணியால் தடவுங்கள். இழை மாட்டிக்கொள்ளும், விரல் தப்பிக்கும்.)

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். பசியோடு இருக்கும்போதும், ஏற்றத்தில் மிதிக்கும்போதும், இருட்டிய பிறகும் 'திரும்பலாமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து காலையில் கேட்டுக்கொள்வேன். அப்போதும் திரும்பத்தான் தோன்றினால் திரும்பிவிட வேண்டியதுதான், அதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை.

மனசு விட்டுப்போகிறது என்று நாம் நினைப்பதில் பாதி, உடம்பு சொல்லும் புகார்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், ஹேண்டில்பாரில் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மெத்து மெத்தென்ற சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், உட்காரும் எலும்புகளைத் தாங்கும் அகலம்தான் முக்கியம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போட்டால் தொடை புண்ணாகும். மாதவிடாய் நாட்களில் நான் பாதித் தூரம்தான் திட்டம் போட்டேன். வழியில் யார் விசாரித்தாலும், "பின்னால ரெண்டு பேர் வந்துட்டிருக்காங்க" என்பதே என் பதில். பொய்தான்!

ஒன்பதாம் நாள் முழங்கால் வலி தாங்காமல் 60 கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன். "அப்போ முழுசா ஓட்டலையா?" என்று பிறகு ஒருவர் கேட்டார். 1894இல் பாஸ்டனிலிருந்து சைக்கிளோடு உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரியையும் அப்படித்தான் கேட்டார்கள். மூன்று குழந்தைகளுக்குத் தாய். 19 கிலோ சைக்கிளைச் சிகாகோ வரை மிதித்துவிட்டு, அங்கே அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். பெரும்பகுதித் தூரம் கப்பலில்தான் போனார். 2018இல் துணையாட்கள் இல்லாமல் 124 நாளில் உலகைச் சுற்றிய ஜென்னி கிரஹாமுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்கு, ஏனென்றால் அது சாதனை முயற்சி. என்னிடம் யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

பஸ்ஸை விட்டு இறங்கியபின்தான் கவனித்தேன். சீட் கம்பி ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம்தான் வலிக்கும். எனக்கு வலித்ததும் அங்கேதான். ஏற்றி இறுக்கி முடுக்கினேன். மறுநாள் காலை வலி பாதி இருந்தது. கிளம்பிவிட்டேன்.