கப்பல் துறைமுகத்தில் நின்றதும் எங்கே போவது? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கப்பலில் ஷோர் எக்ஸ்கர்ஷன் மேசையில், அதாவது கரையில் சுற்றிப் பார்க்கும் டூர்களை விற்கும் இடத்தில், பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கும் சில குடும்பங்களும், இலங்கை, ஐரோப்பா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஃபேர்லேண்ட்ஸ் சகோதரி: எங்கள் கப்பல் பினாங்கிலும் புக்கெட்டிலும் நிற்கிறது. கப்பல்காரர்கள் விற்கும் டூர் தலைக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். நாங்கள் ஆறு பேர், கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாங்களே இறங்கிப் போய்க்கொள்ளலாமா அண்ணா?

பினாங்கில் தாராளமாக நீங்களே போங்கள். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் துறைமுகம், ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் மணிக்கூண்டு, எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. ஒரே நடையில் இவ்வளவையும் பார்த்துவிடலாம். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர், தெருக்களே பார்க்கத் தகுந்தவை. இதற்குப் போய் ஆறு பேருக்கு பஸ் டூர் காசு கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பினாங்கு ஹில் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த மலை ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வரிசை நீண்டுவிட்டால் பாதி நாள் அங்கேயே போய்விடும். மலை 800 மீட்டர் சொச்சம்தான், நம் ஏற்காடு 1500 மீட்டர். குளிர்ச்சிக்காக என்றால் தேவையில்லை. ரயிலுக்காக என்றால் கப்பலிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போய்விட்டு, ஊருக்குள் சுற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்குச் சின்னப் படகில்தான் போக வேண்டும். டெண்டர் என்பார்கள். அதற்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், கப்பல் டூர் எடுத்தவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். பட்டோங் கடற்கரையோடு திருப்தி என்றால் நீங்களே போகலாம். வாட் சலோங் கோயில், பழைய புக்கெட் டவுன் என்றால் ஆறு பேருக்கு ஒரு வேன் பேசுங்கள், கப்பல் டூரைவிட மலிவாக முடியும். பீ பீ தீவுக்கு ஸ்பீட் போட்டில் போக ஆசை என்றால் மட்டும் கப்பல் டூரிலேயே போங்கள். காரணம் அடுத்த பதிலில்.

குகைப் பகுதியிலிருந்து ஒரு தம்பி: லேட்டானால் கப்பல் நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விடுமா சார்? போன் பண்ணிச் சொன்னால் காத்திருக்க மாட்டார்களா?

போய்விடும் தம்பி. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு, அடுத்த துறைமுகத்தில் இடம் பிடிக்கும் நேரமும் குறித்தாகிவிட்டது. உன் ஒருவனுக்காக ஆயிரக்கணக்கான பேரைக் காக்க வைக்க மாட்டார்கள்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இறங்கும்போதும் ஏறும்போதும் கப்பலில் கொடுத்த உன் கார்டை மெஷினில் தட்டுகிறாய் அல்லவா, அதனால் யார் வெளியே இருக்கிறார்கள் என்று கப்பலுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். ஏற வேண்டிய கடைசி நேரம் தாண்டியதும் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், அறைக்குப் போன் அடிப்பார்கள். பதில் இல்லையென்றால் அறையைத் திறந்து பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, எடுத்துக் கரையில் இருக்கும் கப்பல் நிறுவனத்தின் ஏஜெண்டிடம் கொடுப்பார்கள். அப்புறம் கப்பலில் ஏறி இறங்கும் பாலத்தை இழுத்துவிடுவார்கள். அடுத்த ஊருக்கு விமானமோ பஸ்ஸோ பிடித்து வந்து ஏறிக்கொள்வது உன் செலவு.

கப்பல் மூலம் எடுத்த டூர் தாமதமானால் மட்டும் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க வழியே இல்லாவிட்டாலும், அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி இந்த உத்தரவாதத்துக்குத்தான். கடலைத் தாண்டிப் போகும் தீவுப் பயணத்துக்கும் தூரமான ஊர்களுக்கும் அந்தக் காசைக் கொடுக்கலாம் என்பேன்.

செவ்வாய்ப்பேட்டை, ஜவுளிக்கடைக்காரர்: இன்னொரு கப்பலில் போர்ட் கிளாங் நிற்கிறது. கோலாலம்பூர் பக்கம்தானே? காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்புகிறது. பத்து மணி நேரம் இருக்கிறதே.

பத்து மணி நேரம் கிடையாது ஐயா. கணக்கைக் கடைசியிலிருந்து பின்னால் போட்டு வாருங்கள். ஆறுக்குக் கிளம்பும் கப்பலில் ஐந்து அல்லது ஐந்தரைக்குள் ஏறச் சொல்வார்கள், கப்பலில் தினமும் கொடுக்கும் அன்றைய தாளில் அச்சடித்திருக்கும் நேரம்தான் கணக்கு. ஐந்து என்று வைத்துக்கொண்டால் மூன்றரைக்கு நீங்கள் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வர ஒன்றரை மணி நேரம், ஆக இரண்டு மணிக்கு வண்டியில் உட்கார்ந்தாக வேண்டும். காலையிலும் எட்டுக்கு இறங்க முடியாது. அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுத்து, கூட்டத்தோடு வெளியே வர ஒன்பதாகிவிடும். போய்ச் சேரப் பத்தரை. கையில் நிற்பது மூன்றரை மணி நேரம்.

ஏற்காடு நமக்குப் பக்கம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவில் வண்டி வரிசையாக நின்றால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, கோலாலம்பூர் ரோடும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றரை மணியில் பத்துமலை முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பலாம். கோபுரத்தின் மேலே ஏறுவது, ஷாப்பிங், உட்கார்ந்து சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இடிக்கும். போர்ட் கிளாங் முனையத்தைச் சுற்றி நடந்து பார்க்க ஒன்றும் இல்லை என்பதால், ஒன்று கோலாலம்பூர் போவது, இல்லையென்றால் கப்பலிலேயே இருப்பது.

வாழப்பாடி அன்பர்: நம் முத்துமலை முருகனே 146 அடி, பத்துமலை முருகன் 140 அடிதானே! அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம்?

உயரத்தில் நாம்தான் ஜெயித்திருக்கிறோம். இரண்டு சிலையையும் செய்தவர் ஒரே ஸ்தபதி, திருவாரூர் தியாகராஜன். பத்துமலைச் சிலை 2006இல் வந்தது, முத்துமலைக்குக் குடமுழுக்கு 2022இல். ஆனாலும் பத்துமலையில் சிலையோடு வேலை முடிவதில்லை. 272 படி ஏறினால் மேலே ஒரு பெரிய சுண்ணாம்புக் குகை, கூரை திறந்து வெளிச்சம் உள்ளே விழும், அதற்குள்தான் கோயில். மலேசியத் தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து ஏறும் படிகள் அவை. நம் பக்கத்து ஆட்கள் அங்கே போகாமல் வந்தால் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முழங்கால் மூடும் உடை வேண்டும். குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும், கவனம்.

அம்மாபேட்டை அம்மா: புளியோதரை, சப்பாத்தி கட்டிக்கொண்டு இறங்கலாமா? பிள்ளைகள் வெளியில் சாப்பிட மாட்டார்கள்.

சமைத்த சாப்பாட்டையும் பழங்களையும் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகப் பல ஊர்களில் அனுமதி இல்லை அம்மா. வாசலிலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலை பஃபேயில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் மதியம் வரை தாங்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடே கிடைக்கும், கவலைப்படாதீர்கள்.

சூரமங்கலம், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்: என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலியில்தான் தூரம் போக முடியும்.

டிக்கெட் போடும் முன்னாலேயே ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கரையோடு சேர்ந்து நிற்கிறதா, டெண்டர் படகா என்று கேட்டு வாங்குங்கள். கரையோடு நின்றால் சாய்வுப் பாலத்தில் நாற்காலியோடு இறக்கிவிடுவார்கள். டெண்டர் என்றால், அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் அவர்களே சில அடி எடுத்து வைக்கும்படி இருக்க வேண்டும். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் நாற்காலிக்காரர்களை ஏற்ற மாட்டார்கள். அது அவர்கள் நன்மைக்குத்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். சாலையோரத்திலிருந்தே பத்துமலைச் சிலையை நன்றாகத் தரிசிக்கலாம், கீழேயே சன்னதிகளும் உண்டு.

இன்ஜினியரிங் மாணவி: போனிலேயே மேப், டாக்ஸி எல்லாம் இருக்கிறதே, போதாதா?

போதும்மா, டாக்ஸி கூப்பிடும் கிராப் செயலி மலேசியாவிலும் தாய்லாந்திலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஊர் மேப்பை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள். இரண்டு விஷயத்தில் மட்டும் போனை நம்பாதே.

ஒன்று, நேரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தால், புக்கெட்டில் இறங்கியதும் உன் போன் தானாக மாறிவிடும். போனில் மூன்று மணி காட்டும், கப்பலில் நான்காகியிருக்கும். கப்பல் நேரம் என்ன என்று அறிவிப்பைக் கேட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக் கட்டிக்கொள். வீட்டில் ஒருவர் கையிலாவது அது இருக்க வேண்டும்.

இரண்டு, நடுக்கடலில் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும். கப்பலில் ஏறியதும் ஃப்ளைட் மோட்.

ஓமலூர்: விசா?

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். கப்பல் முடிந்து மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறீர்கள், அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கிறது, ஆனால் அது காலக்கெடு வைத்து நீட்டிக்கும் சலுகை. தாய்லாந்து விதியும் மாறக்கூடியது. கிளம்பும் மாதத்தில் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். நீங்கள் இறங்காத ஊராக இருந்தாலும், கப்பல் அங்கே நிற்பதால் விசா கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும்.

ஆத்தூர் தம்பதி: சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போகிறதாமே, அங்கே நாமே சுற்றலாமா?

அந்தக் கப்பல் 2023இல் தொடங்கியது. எல்லா மாதமும் ஓடாது, உங்கள் தேதிக்கு எந்தத் துறைமுகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகோணமலை என்றால் கோட்டைக்குள்ளேயே பாறை உச்சியில் கோணேஸ்வரம், ஆட்டோ பிடித்தே போய் வரலாம். காங்கேசன்துறை என்றால் கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் பக்கத்திலேயே. நல்லூர் கந்தசாமி கோயில் யாழ்ப்பாணத்துக்குள் இருக்கிறது, ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தமிழிலேயே பேசி வண்டி பிடிக்கலாம் என்பதால் இங்கெல்லாம் தனியாகப் போக நான் பயப்பட மாட்டேன். அம்பாந்தோட்டையிலிருந்து யால காட்டுக்கு சஃபாரி என்றால், தூரமும் நேரமும் கருதி கப்பல் டூர்.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: மத்தியதரைக் கடல் கப்பலில் ரோம் என்று போட்டிருக்கிறது. இறங்கி நடந்தால் கொலோசியம் வந்துவிடுமா?

கப்பல் ரோமுக்குள்ளேயே போகாது ஐயா. கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், ரோம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்துக்குள் நடக்க விட மாட்டார்கள், பஸ்ஸில் வெளியே வந்து ரயில் நிலையம் போக வேண்டும். சாதாரண ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் வாட்டிகன் நடக்கும் தூரம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வாட்டிகன் மியூசியம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், நீங்கள் போகும் நாள் என்ன கிழமை என்று இப்போதே பாருங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அவ்வப்போது வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தத் தேதி உங்கள் தேதியாக இருந்தால் கப்பல் பஸ்ஸை எடுத்துவிடுங்கள்.

வாட்டிகன், கொலோசியம் இரண்டையும் ஒரே நாளில் உள்ளே போய்ப் பார்க்க நினைக்காதீர்கள். ஒன்றுக்கு முன்பதிவு செய்து நிதானமாகப் பாருங்கள், மற்றதை வெளியிலிருந்து. அதே பயணத்தில் நேப்பிள்ஸ் இருந்தால் அங்கே துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பொம்பேய்க்கு உள்ளூர் ரயில் ஓடுகிறது, நீங்களே போகலாம். லிவோர்னோவிலிருந்து ஃப்ளாரன்ஸ் தூரம், அதற்குக் கப்பல் டூரே நல்லது.

ஃபேர்லேண்ட்ஸ் சகோதரி மறுபடியும்: வேன் பேசச் சொன்னீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு, கப்பல் அந்த ஊருக்கே போகாவிட்டால்?

சரியான கேள்வி. காற்று, அலை சரியில்லை என்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போவது நடப்பதுதான். கப்பல் டூர் காசு தானாகத் திரும்பி வரும், வெளியில் பேசியது வராது. அதனால் பேசும்போதே 'கப்பல் வராவிட்டால் காசு திருப்பித் தரப்படும்' என்று எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தால் போதும். கப்பல் துறைமுகங்களில் தொழில் செய்கிறவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். கப்பல் பெயர், தேதி, கடைசியாக ஏற வேண்டிய நேரம் மூன்றையும் டிரைவருக்கு அனுப்புங்கள். முன்பணம் கொஞ்சம், மீதி திரும்பி வந்து துறைமுக வாசலில் இறங்கிய பிறகு.