வலைச் செயலியிலிருந்து போகும் குறுஞ்செய்தி, திரும்பி வரும் மின்னஞ்சல்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் முன்பதிவுச் செயலியில் ஆங்கிலக் குறுஞ்செய்திகளைத் தமிழுக்கு மாற்றினோம். அனுப்பும் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் கட்டணம் பெருமளவு ஏறிவிட்டது. ஏன்?

ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட்டுகள் மட்டுமே. கைப்பேசிகளின் அடிப்படை எழுத்து அட்டவணையான ஜிஎஸ்எம் குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும் என்பதால் அந்த இடத்தில் 160 எழுத்துகள் அடங்குகின்றன. அந்த அடிப்படை அட்டவணையில் தமிழ் இல்லாததால், செய்தி முழுவதும் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டுகள் கொள்ளும் யுசிஎஸ்-2 முறைக்கு மாறுகிறது. கொள்ளளவு 70 ஆகச் சுருங்குகிறது. அதையும் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எதற்கு அடுத்தது என்று கைப்பேசிக்குத் தெரிவிக்கும் தகவலுக்கு ஒவ்வொரு துண்டிலும் ஆறு பைட்டுகள் போய்விடும் என்பதால், ஒரு துண்டில் ஆங்கிலத்துக்கு 153, தமிழுக்கு 67 என்ற அளவே மிஞ்சும். கட்டணம் துண்டுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது.

இங்கே எண்ணப்படுவது நாம் எண்ணும் எழுத்து அன்று, யுனிகோடு குறி. 'வணக்கம்' என்பதில் நமக்கு ஐந்து எழுத்துகள். கணினிக்கு இரண்டு புள்ளிகளும் தனிக் குறிகளாதலால் ஏழு. 'ஸ்ரீ' என்ற ஒற்றை எழுத்து நான்கு குறிகளாகும். ஆகவே வார்ப்புரு (செய்தியின் மாதிரி வாசகம்) எழுதுபவரிடம் "எழுபது எழுத்துக்குள் எழுதுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. அவர் தட்டச்சு செய்யும் பெட்டிக்குக் கீழேயே துண்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். தரநிலையில் தமிழுக்கென ஏழு பிட்டு அட்டவணை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வழியிலுள்ள எல்லாக் கேட்வேகளும் (செயலியிடமிருந்து செய்தியைப் பெற்றுத் தொலைபேசி வலையமைப்புக்கு அனுப்பும் சேவைகள்) கைப்பேசிகளும் அதை ஏற்க வேண்டும் என்பதால், நடைமுறையில் அதை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் செய்திகள் முழுக்க ஆங்கிலம்தான். ஆனாலும் சில செய்திகள் மட்டும் மூன்று துண்டுகளாகப் போகின்றன.

பெரும்பாலும் வளைந்த மேற்கோள் குறி அல்லது நீண்ட இடைக்கோடுதான் காரணமாக இருக்கும். சொற்செயலியில் எழுதிய வாசகத்தை அப்படியே ஒட்டும்போது இவை உள்ளே நுழைகின்றன. ஜிஎஸ்எம் அட்டவணையில் இல்லாத ஒரே ஒரு குறி வந்தாலும் செய்தி முழுவதும் யுசிஎஸ்-2 ஆகிவிடும். 160 எழுத்து கொண்ட ஒற்றைச் செய்தி அப்போது மூன்று துண்டுகளாகும். அனுப்புவதற்கு முன் இக்குறிகளை எளிய வடிவத்துக்கு மாற்றும் சிறு வடிகட்டி ஒன்றை வையுங்கள். வார்ப்புருவில் நுழையும் வாடிக்கையாளர் பெயரும் அதே வடிகட்டியைக் கடந்தாக வேண்டும்.

கேள்வி: கேட்வேயின் ஏபிஐ (நிரல்கள் கோரிக்கை அனுப்பும் இடைமுகம்) வெற்றி என்று பதில் தருகிறது, வாடிக்கையாளரோ செய்தி வரவில்லை என்கிறார். யாரை நம்புவது?

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்த வெற்றி, "உங்கள் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம்" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. செய்தி கைப்பேசியை அடைந்ததா என்பதைச் சொல்லும் டெலிவரி ரசீது, சில நொடிகளிலோ, கைப்பேசி அணைந்திருந்தால் பல மணி நேரம் கழித்தோ, அதைப் பெற நீங்கள் திறந்து வைக்கும் வலை முகவரியான வெப்ஹூக்குக்குத் தனியாக வந்துசேரும். அதைப் பதிவு செய்யாத செயலியில் எல்லாச் செய்திகளும் வெற்றியாகவே தோன்றும்.

ரசீதுகள் வரிசை மாறி வருவதும் உண்டு. 'சென்றடைந்தது' என்ற இறுதி நிலை பதிவான பிறகு, தாமதமாக வந்த 'அனுப்பப்பட்டது' என்ற ரசீது அதை மேலெழுதிவிடாதபடி, நிலைகள் முன்னோக்கி மட்டுமே நகரும் விதியைத் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். மலிவான சில வழித்தடங்களில் கைப்பேசியை அடையாமலே 'சென்றடைந்தது' என்ற ரசீது வருவதுண்டு என்பதால், ஓடிபி (ஒருமுறை மட்டும் பயன்படும் கடவு எண்) போன்றவற்றில் பயனர் அந்த எண்ணை உள்ளிட்டாரா என்பதையே உண்மையான அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: கேட்வே பதில் தராமல் நேரம் கடந்துவிட்டால் மீண்டும் அனுப்பலாமா? ஒருவருக்கே இரண்டு செய்தி போய்விடுகிறது.

நேரம் கடந்துவிட்டது என்பதைத் தோல்வி என்று கொள்ளக் கூடாது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் உங்கள் பக்கத்திலேயே ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே அடையாளத்தை அனுப்பினால், அதை ஆதரிக்கும் கேட்வே இரண்டாவதை ஒதுக்கிவிடும். ஆதரிக்காத கேட்வேயாக இருந்தால் முடிவு செய்தியின் தன்மையைப் பொறுத்தது: ஓடிபி இருமுறை வந்தால் தீங்கில்லை, ஆனால் அதே எண்ணையே மீண்டும் அனுப்ப வேண்டும், பணம் பிடிக்கப்பட்டது என்ற செய்தி இருமுறை வந்தால் வாடிக்கையாளர் பதறிப்போவார். இன்னொன்று: பயனர் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும் அதே கோரிக்கைக்குள் கேட்வேயை அழைக்காதீர்கள். செய்தியை வரிசையில் இட்டுவிட்டு, பின்னணியில் இயங்கும் நிரல் அனுப்பட்டும்.

கேள்வி: வாடிக்கையாளர் குறுஞ்செய்திக்கே பதில் அனுப்பும்படி செய்ய முடியுமா?

முடியும், ஆனால் நிறுவனப் பெயரை அனுப்புநராகக் காட்டும் செய்திக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. பதில் வர வேண்டுமானால் அனுப்புநர் இடத்தில் உண்மையான எண் இருக்க வேண்டும். அடுத்த சிக்கல், குறுஞ்செய்தியில் 'இது அதற்கான பதில்' என்று காட்டும் அடையாளமே கிடையாது என்பது. அனுப்பிய எண், பெற்ற எண், வாசகம் ஆகிய மூன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு முன்பதிவுகள் குறித்து "உறுதியா?" என்று கேட்டு அவர் "ஆம்" என்று எழுதினால், எதற்கு என்று எந்த நிரலாலும் ஊகிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்று கட்டுப்படுத்துவது எளிய வழி. வெவ்வேறு உரையாடல்களுக்கு வெவ்வேறு எண்களைப் பயன்படுத்துவது செலவு கூடிய வழி. "நிறுத்து" என்ற பொருளில் வரும் பதிலுக்கு மட்டும் எந்தச் சூழலும் தேவையில்லை. அதை உடனே நிறைவேற்றுங்கள்.

கேள்வி: ஒரே இரவில் ஓடிபி கேட்டு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள். யாருமே உள்நுழையவில்லை. தாக்குதலா?

ஆம், பணத்துக்கான தாக்குதல். சில எண் வரிசைகளுக்குச் செய்தி போகும்போது அக்கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வரிசையை வைத்திருப்பவருக்குச் சேரும் ஏற்பாட்டைப் பயன்படுத்தி, உங்கள் செலவில் தாமே செய்திகளை வரவழைக்கிறார்கள். எண்ணுக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதாது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் எண் மாறும். எண்ணின் தொடக்க இலக்கங்களுக்கும் வரம்பு வைக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லாத நாடுகளின் குறியீடுகளை முழுவதும் தடுத்துவிடுங்கள். அனுப்பிய ஓடிபிகளில் எத்தனை பயன்படுத்தப்பட்டன என்ற விகிதம் சரிந்தால் எச்சரிக்கை வரட்டும்.

கேள்வி: எங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்தில் வருபவரின் முகவரியையே அனுப்புநராக இட்டு மின்னஞ்சல் அனுப்புகிறோம். பதிலளிக்க வசதியாக இருந்தது. இப்போது எல்லாம் ஸ்பேமில் விழுகிறது.

வேறொருவரின் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பெயரில் உங்கள் சேவையகம் அஞ்சல் அனுப்புகிறது. பெறும் பக்கத்துக்கு அது போலி அஞ்சல்தான். எஸ்பிஎப் (அனுப்பும் சேவையகத்துக்கு அனுமதி உண்டா), டிகேஐஎம் (அஞ்சலின் கையொப்பம் சரியா) ஆகிய சோதனைகளில் ஒன்றாவது, அனுப்புநர் முகவரியின் டொமைனுடன் பொருந்தித் தேற வேண்டும் என்பதே டிமார்க் என்ற விதிமுறையின் அடிப்படை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியை இடுங்கள். வருபவரின் முகவரியை 'ரிப்ளை-டு' ஹெட்டரில் (பதில் எங்கே போக வேண்டும் என்று அஞ்சலுடன் செல்லும் குறிப்பு வரி) இடுங்கள். பதிலளிக்கும் வசதி அப்படியே இருக்கும்.

கேள்வி: உதவிக் கோரிக்கைகளுக்கான செயலி ஒன்றை உருவாக்குகிறோம். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பதிலை உரிய கோரிக்கையில் சேர்க்கச் சிறந்த வழி எது? தலைப்பு வரியில் எண் இடுவதா?

வழக்கத்தில் மூன்று வழிகள் உள்ளன. தலைப்பு வரியில் எண் இடுவது பழைய முறை; பயனர் தலைப்பைத் திருத்தினால் தொடர்பு அறுந்துவிடும், எண்ணை ஊகித்து எழுதினால் பிறருடைய கோரிக்கைக்குள்ளும் நுழைந்துவிடலாம். இரண்டாவது, அஞ்சல் தரநிலை தரும் முறை: ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு மெசேஜ்-ஐடி (தனி அடையாளம்) உண்டு, பதிலில் அது 'இன்-ரிப்ளை-டு', 'ரெபரன்சஸ்' ஆகிய ஹெட்டர்களில் திரும்பி வரும். நன்றாகவே இயங்கும், ஆனால் சில அனுப்பும் சேவைகள் நீங்கள் இட்ட ஐடியை நீக்கிவிட்டுத் தமது ஐடியை இட்டுவிடுகின்றன. அப்போது நீங்கள் சேமித்து வைத்த ஐடி ஒருபோதும் திரும்பி வராது.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஒவ்வொரு கோரிக்கைக்கும், அதைப் பெறும் ஒவ்வொருவருக்கும், தனியான பதில் முகவரியை உருவாக்கி 'ரிப்ளை-டு'வில் இடுங்கள். முகவரியில் @ குறிக்கு முன், + குறியை அடுத்து ஒரு டோக்கன் வரும். அதில் கோரிக்கையின் அடையாளமும், உங்கள் இரகசியச் சாவியால் கணக்கிட்ட சிறு கையொப்பமும் இருக்கட்டும். @ குறிக்கு முன்னுள்ள பகுதி 64 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. வழியில் பெரிய எழுத்துகள் சிறிய எழுத்துகளாக மாற்றப்படலாம் என்பதால், டோக்கனை எழுத்தாக்க, இரண்டையும் வேறுபடுத்தும் பேஸ்64 குறிமுறை ஆகாது, வேறுபடுத்தாத பேஸ்32 போதும். பயனர் தலைப்பை மாற்றினாலும், ஹெட்டர்கள் தொலைந்தாலும், முகவரி மாறாமல் திரும்பி வரும், ஏனெனில் அது மாறினால் அஞ்சலே உங்களிடம் வராது. இரண்டாவது வழியைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன டோக்கன் முகவரி பற்றி: வாடிக்கையாளர் அந்த அஞ்சலைத் தம் சகாவுக்கு முன்னனுப்பி, சகா பதிலளித்தால் என்ன ஆகும்?

கூர்மையான கேள்வி. டோக்கன் காட்டுவது எந்த உரையாடல் என்பதைத்தான்; எழுதியவர் யார் என்பதை அது உறுதி செய்வதில்லை. அனுப்புநர் முகவரி உரையாடலில் உள்ளவருடையதாகவும், டிமார்க் தேறியதாகவும் இருந்தால் நேரடியாகச் சேருங்கள். இல்லையென்றால் "புதியவர் ஒருவர் எழுதியிருக்கிறார்" என்ற குறிப்புடன் ஊழியரின் பார்வைக்கு நிறுத்தி வையுங்கள். கண்டிப்பாகத் தள்ளுபடி செய்யும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன். அலுவலக முகவரிக்கு வந்த அஞ்சலுக்குத் தனிப்பட்ட முகவரியிலிருந்து பதிலளிப்பவர்கள் அங்கே சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். ஆனால் கோரிக்கையை மூடுவது, பணத்தைத் திருப்புவது போன்ற செயல்களை மின்னஞ்சல் வழியாக அனுமதிக்கவே வேண்டாம். அவற்றுக்கு உள்நுழைவு தேவை.

கேள்வி: பதிலுக்குக் கீழே பழைய அஞ்சல் முழுவதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை எப்படி வெட்டுவது?

வெட்டாதீர்கள், மடித்து வையுங்கள். மேற்கோளைக் கண்டறியும் விதிகள் எல்லாமே ஊகங்கள். "இன்னார் இந்த நாளில் எழுதியது" என்ற வரி ஒவ்வொரு அஞ்சல் செயலியிலும் வேறு வடிவத்திலும், பயனர் தேர்ந்த மொழியிலும் வரும். நீளமானால் இரண்டு வரிகளாகவும் உடையும். நீங்கள் அனுப்பும் அஞ்சலின் தொடக்கத்தில் "இந்த வரிக்கு மேலே பதிலளிக்கவும்" என்று ஒரு கோடு இட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனினும், உங்கள் ஐந்து கேள்விகளுக்கு அவற்றின் இடையிடையே விடை எழுதும் கவனமான வாடிக்கையாளர் ஒருவர் இருப்பார். வெட்டும் நிரல் முதலில் அழிப்பது அவருடைய உழைப்பைத்தான். மூல அஞ்சலை முழுமையாகச் சேமித்து, ஊகித்த பகுதியை மட்டும் திரையில் மறைத்து, "முழுவதும் காட்டு" என்ற பொத்தானை வையுங்கள்.

கேள்வி: தமிழில் வரும் பதில்களில் நடுநடுவே ஓரிரு எழுத்துகள் மட்டும் கேள்விக்குறிகளாகச் சிதைகின்றன. முழுதும் சிதைந்தாலாவது காரணம் புரியும்.

முழுதும் சிதைந்தால் எழுத்துக் குறிமுறையைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். இடையிடையே மட்டும் சிதைவது, பைட்டுகளை வரிவரியாக மாற்றுவதன் அடையாளம். யுனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். அப்பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதி அஞ்சலில் அனுப்பும் குவோட்டட்-பிரிண்டபிள் முறையில் ஒரு வரி 76 குறிகளுக்கு மேல் போகக் கூடாது என்பதால், ஓர் எழுத்தின் முதல் பைட்டு ஒரு வரியிலும் மற்ற இரண்டும் அடுத்த வரியிலும் விழக்கூடும். அஞ்சலின் வாசகம் முழுவதையும் முதலில் பைட்டுகளாக மீட்டு, அதன் பிறகே எழுத்துகளாக மாற்றுங்கள். தலைப்பு வரியிலும் இதே கதை உண்டு: நீண்ட தமிழ்த் தலைப்பு பல துண்டுகளாகக் குறிமுறை செய்யப்படும், எழுத்தின் நடுவே துண்டாக்கக் கூடாது என்று தரநிலை சொன்னாலும் சில செயலிகள் நடுவிலேயே துண்டாக்குகின்றன. அடுத்தடுத்த துண்டுகளின் பைட்டுகளை இணைத்த பின் மாற்றுவதே பாதுகாப்பு.

கேள்வி: விடுப்பில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் தானியங்கிப் பதிலுக்கு எங்கள் செயலி நன்றி சொல்ல, அது மீண்டும் பதிலளிக்க, காலைக்குள் நூற்றுக்கணக்கான அஞ்சல்கள்.

2004இல் வந்த ஆர்எப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதற்காகவே 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற ஹெட்டரை வகுத்தது. வரும் அஞ்சலில் அது 'நோ' என்பதைத் தவிர வேறு மதிப்புடன் இருந்தால் தானாகப் பதிலளிக்காதீர்கள். உங்கள் தானியங்கி அஞ்சல்களிலும் அதை இடுங்கள். சேவையகங்கள் பரிமாறும் உறையில் அனுப்புநர் முகவரி வெறுமையாக இருந்தால் அது பவுன்ஸ், அதாவது அஞ்சலைச் சேர்க்க முடியவில்லை என்ற அறிவிப்பு. அதற்கும் பதில் கூடாது. எல்லோரும் தரநிலையைப் பின்பற்றுவதில்லை ஆதலால், ஒரே முகவரிக்கு ஒரே கோரிக்கையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தானியங்கிப் பதில் என்ற வரம்பையும் வையுங்கள்.

கேள்வி: பவுன்ஸ் ஆன முகவரிகளை உடனே நீக்கிவிடலாமா?

பவுன்ஸில் வரும் பிழைக் குறியீட்டைப் பாருங்கள். 4இல் தொடங்குபவை தற்காலிகம், மறுமுயற்சி நடக்கும். 5.1.1 என்றால் அப்படியொரு முகவரியே இல்லை, அனுப்புவதை நிறுத்துங்கள். பெட்டி நிரம்பியது என்ற 5.2.2 நிரந்தரப் பிழையாக வந்தாலும் ஆள் இருக்கிறார். சில நாள் கழித்து முயலலாம். முகவரியைத் தரவுத்தளத்திலிருந்து அழிக்காமல் 'அனுப்பாதே' என்று குறித்து, அடுத்த முறை அவர் உள்நுழையும்போது முகவரியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வெப்ஹூக் வழியாக வரும் அஞ்சல் சில வேளை இருமுறை பதிவாகிறது.

உங்கள் சேவையகம் பதிலளிக்கத் தாமதித்தால் அனுப்பும் சேவை அதை மீண்டும் அனுப்பும். வந்ததும் கையொப்பத்தைச் சரிபார்த்து, மூல வடிவிலேயே சேமித்து, உடனே 200 (வெற்றி) என்று பதிலளியுங்கள். பிரித்தெடுப்பது, இணைப்புகளைச் சோதிப்பது போன்றவை பின்னணியில் நடக்கட்டும். மெசேஜ்-ஐடியையும் பெறுநர் முகவரியையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் தனித்துவக் கட்டுப்பாடு வைத்தால் இரண்டாவது பதிவு தானே நிராகரிக்கப்படும். மெசேஜ்-ஐடி மட்டும் போதாது: ஒரே அஞ்சல் உங்களுடைய இரண்டு பதில் முகவரிகளுக்குச் சேர்த்து அனுப்பப்பட்டிருந்தால், அது இரண்டு கோரிக்கைகளிலும் இடம்பெற வேண்டும்.